விலைச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்

சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்துக்கும், கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளே, வணக்கம்.

அழைப்பே சரியாக வராத கைப்பேசியை விற்ற கடை மீது நான் தொடுத்த வழக்கு முடிந்துவிட்டது. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். நான் வாங்கிய அதே மாதிரிக் கைப்பேசி அதே கடையின் கண்ணாடிப் பெட்டியில் இன்னமும் இருக்கிறது. அதன் விலைச்சீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அப்பாவுக்கு 74 வயது, யீஷுனில் தனியாக இருக்கிறார். வாட்ஸ்அப் எல்லாம் அவருக்குச் சரிப்படாது. எண்ணை அழுத்த வேண்டும், மணி அடிக்க வேண்டும், பேச வேண்டும், அவ்வளவுதான். பழைய கைப்பேசி படுத்துவிட்டதால், தள்ளுபடி விலையில் விற்கும் ஒரு கடையின் விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டால் ரசீதோடு தருகிறேன்.

விற்ற தம்பி தமிழ்ப் பையன். "அண்ணே, வெளிய இதே செட்டு நூறு வெள்ளி கூட. நம்ம ஆளுங்கிறதால சொல்றேன்" என்றார். உள்ளூர்ச் செட்டுதானே என்று கேட்டேன். "எல்லாம் ஒரே பொருள்தான் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் முத்திரையைக் கிழித்துவிட்டார். சிம் போட்டுப் பார்க்க வேண்டுமாம். முத்திரை கிழிந்த பிறகு பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

விலையிலும் ஒரு விளையாட்டு. விலைச்சீட்டில் 480 வெள்ளி. பணம் கட்டும்போது 523 வெள்ளி 20 காசு. கேட்டால், 9 விழுக்காடு பொருள், சேவை வரியாம். வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையிலேயே வரி அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. வரிக்குப் பதிவு செய்யாத கடை அதை வசூலிக்கவே கூடாது. என் ரசீதில் வரிப் பதிவு எண்ணே இல்லை. இது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் வேலை, அங்கே தனியாக எழுதியிருக்கிறேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இணையம் வந்தது, படம் ஓடியது. ஆனால் அப்பாவை யார் கூப்பிட்டாலும் மணி அடிக்கவில்லை. அவர் எண்ணை அழுத்தினாலும் அழைப்பு போவதற்குள் அறுந்துவிடும். ஜொகூரில் இருக்கும் அத்தை, "உன் அப்பா என் மேல கோபமா இருக்காரா?" என்று என்னிடம் கேட்டார். மருந்தக நாளை மாற்றச் சொல்லிப் பலதுறை மருந்தகத்திலிருந்து வந்த அழைப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை.

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் முகப்பில் இருந்த பெண்தான் விஷயத்தைப் புரியும்படி சொன்னார். இங்கே 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றது, 3ஜி 2024இல் நின்றது. குரல் அழைப்புக்கு முன்பெல்லாம் கைப்பேசி 4ஜியை விட்டு அந்தப் பழைய அலைகளுக்கு இறங்கிப் போகும். இப்போது இறங்குவதற்கு இடமே இல்லை. அழைப்பும் 4ஜி வழியாகவே போக வேண்டும், அதற்கு வோல்டி என்ற வசதி வேண்டும். அந்த வசதி பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, நம் ஊர் நிறுவனங்களின் இணைப்போடு அது வேலை செய்ய வேண்டும். வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்த சில கைப்பேசிகளில் அது வேலை செய்வதில்லை. அப்பாவுடையது அந்த ரகம். இணையம் வரும், சாதாரண அழைப்பு வராது.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். தனியாக இருக்கும் மனிதருக்கு இரவில் நெஞ்சு வலித்தால் அவசர மருத்துவ உதவி எண்ணான 995க்கு அழைப்பு போகுமா? அதைச் சோதித்துப் பார்க்கவா முடியும்?

கடைக்குத் திரும்பிப் போனபோது நம்ம ஆள் மாறிவிட்டார். "டேட்டா வருதுல்ல அண்ணே, வாட்ஸ்அப்ல பேசச் சொல்லுங்க. இது பழுது இல்ல, செட்டே அப்படித்தான்" என்றார். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு விஷயங்களைக் காட்டினார். ஒன்று, 'எக்ஸ்போர்ட் செட்', அதாவது வேறு நாட்டுச் சந்தைக்கான கைப்பேசி. இன்னொன்று, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'. எக்ஸ்போர்ட் செட் என்ற சொல்லை நான் அந்தக் கடையில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். தயாரிப்பு நிறுவனத்தின் சேவை நிலையத்திலும் கைவிரித்துவிட்டார்கள். அது இந்த வட்டாரத்துக்கான பொருள் அல்ல, உத்தரவாதம் கடையுடையது மட்டுமே.

சட்டம் என் பக்கம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. அவர் பழுது பார்க்க வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். ரசீதில் அச்சடித்த ஒரு வரி இந்த உரிமையைப் பறித்துவிடாது.

கேஸ் அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டார்கள், கடைக்குக் கடிதமும் போட்டார்கள். கடை பதில் எழுதவில்லை. கட்டாயப்படுத்தும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. பிறகு 10 வெள்ளி கட்டிச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் பதிவு செய்தேன். அங்கே வழக்கறிஞர் வேண்டாம், நாமே பேசலாம். நல்ல ஏற்பாடு அது. சமரசப் பேச்சில் கடைக்காரர் இறங்கிவந்தார். விண்ணப்பம் எழுத எனக்கு ஆங்கிலம் தெரிந்தது, விடுப்பு எடுக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, ஊருக்கு அனுப்பக் கைப்பேசி வாங்கும் கட்டுமான ஊழியருக்கு இவற்றில் எது முடியும்? கடைக்காரர்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும். பத்துப் பேரில் ஒருவர்தான் மன்றம் வரை போவார், அவருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற கணக்கு.

2014இல் சிம் லிம் சதுக்கத்தில் ஒரு வியட்னாமியச் சுற்றுப்பயணி கைப்பேசிப் பணத்தைத் திருப்பித் தரும்படி மண்டியிட்டு அழுத காணொளியை நாடே பார்த்தது. அந்தக் கடைக்காரர் அடுத்த ஆண்டு 33 மாதச் சிறைக்குப் போனார். பிறகு 2016இல் சட்டமும் இறுக்கப்பட்டது, விசாரிக்கும் அதிகாரம் 2018இல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் கைக்கு வந்தது. அந்த மாதிரி அடாவடி இப்போது குறைவு, ஒப்புக்கொள்கிறேன். இப்போது யாரும் மிரட்டுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான்.

அப்படிச் சொல்லாமல் விட்டு ஏமாற்றுவதும் நியாயமற்ற வணிகம் என்றுதான் நியாய வர்த்தகச் சட்டம் சொல்கிறது. ஆனால் கடை முகப்பில் நானும் அந்தத் தம்பியும் பேசியதற்கு யார் சாட்சி? "சொன்னேனே" என்பார் அவர். "சொல்லவில்லை" என்பேன் நான். கையில் இருக்கும் ஒரே எழுத்து ரசீது. அது பணம் கட்டிய பிறகு வருவது.

அதனால் என் கோரிக்கை மிகச் சிறியது. வேறு நாட்டுச் சந்தைக்கான கைப்பேசியைக் கொண்டுவந்து விற்பது தவறல்ல. விலை குறைவு என்று தெரிந்தே அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் அது எந்தச் சந்தைக்கான பொருள், பழுதானால் யார் பார்ப்பார்கள், நம் நிறுவனங்களின் இணைப்பில் குரல் அழைப்பு வேலை செய்யுமா, வரியோடு சேர்த்துக் கடைசி விலை என்ன என்பதெல்லாம் விலைச்சீட்டிலேயே, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இருக்க வேண்டும். முத்திரையைக் கிழிக்கும் முன்பு வாங்குபவரிடம் கையொப்பமும் பெறட்டும். எழுதாமல் விற்றால், வாங்கியவருக்குத் தெரியாது என்றே மன்றம் எடுத்துக்கொள்ளட்டும்.

செலவாகும், நடைமுறைக்கு ஒத்துவராது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். குளிர்பதனப் பெட்டிக்கு மின்சாரச் சீட்டு ஒட்டுகிறோம். 2022 டிசம்பர் முதல் பான டப்பாக்களில் சீனி அளவுக்கு ஏற்ப ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறோம். ஒன்றரை வெள்ளிப் பானத்துக்குச் செய்ய முடிவதை ஐந்நூறு வெள்ளிக் கைப்பேசிக்குச் செய்ய முடியாதா?

தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தையும் இதில் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மாடல் இங்கே அழைப்புக்கு வேலை செய்யும் என்பது அவர்கள் பக்கத்து விஷயம். என்னிடம் உள்ள ரசீது, விளம்பரத்தின் படம், கேஸ் அனுப்பிய கடிதத்தின் நகல் எல்லாம் தயாராக இருக்கின்றன. எந்த அதிகாரியிடம் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள். பதில் தமிழில் இருந்தால் அப்பாவும் படிப்பார்.

இப்படிக்கு,
யீஷுன்வாசி ஒருவரின் மகன்