ஆபீஸ் பழகும் விதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே அம்மாவும் தம்பியும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது நாடு பழகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். வீடு, பஸ், குளிர் எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டன. ஆபீஸ்தான் மெல்லப் பழகுகிறது.

முதல் வாரம் புதிதாகச் சேர்ந்த எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். லீவு விதிகள், பாதுகாப்பு, பாஸ்வேர்டு, பெரிய அதிகாரியின் வரவேற்புரை. தேவையானவைதான். ஆனால் யார் சரி என்று சொன்னால் காரியம் நகரும், மீட்டிங்கில் எதைப் பேசலாம், எதை முன்னாடியே தனியாகப் பேசிவைக்க வேண்டும் என்பதெல்லாம் என் பிரிவுக்குப் போன பிறகு பேச்சுவாக்கில்தான் தெரியவந்தது.

பக்கத்து இருக்கையில் பல வருடமாக வேலை பார்க்கும் ஓர் அம்மா இருக்கிறார். ஒருநாள் வேறொரு பிரிவுக்கு மெயில் அனுப்பும் முன் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். “இதில் மேனேஜருக்கும் நகல் போட்டால், நாம் புகார் சொல்வதாக அந்தப் பிரிவுக்காரர்கள் நினைப்பார்கள். அதனால் முதலில் போன் பண்ணிவிடுவேன். பதில் வராவிட்டால்தான் நகல்” என்றார். எந்தக் கையேட்டிலும் இது இல்லை. நான் கேட்காமலே சொன்னாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஏனென்றால் புதியவருக்கு வாய் திறந்து கேட்பதே கஷ்டம். இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்? வெர்னான் மில்லர், ஃப்ரெட்ரிக் ஜாப்ளின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் இதைப் பற்றி எழுதியதைப் படித்திருக்கிறேன். மதிப்புக் குறையும் என்று தோன்றினால் புதியவர்கள் சுற்றிவளைத்துக் கேட்பார்கள், வேறு ஆளிடம் விசாரிப்பார்கள், சும்மா இருந்து கவனிப்பார்கள். நானும் இங்கே அப்படித்தான் நிறையக் கவனித்தேன்.

இன்னொன்று. புதியவரின் பழைய அனுபவத்தை மதித்துச் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு, அதைக் கழற்றிப் போடவைத்துப் புதிதாக வார்க்கும் இடங்களும் உண்டு என்று வான் மானென், ஷைன் என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் 1979-இலேயே எழுதினார்கள். என் மேனேஜர் முதல் வகை. முந்தைய வேலையில் கணக்குகளை எப்படிச் சரிபார்த்தேன் என்று கேட்டு, அதை எல்லோருக்கும் விளக்கச் சொன்னார். அன்றைக்கு அப்புறம் மற்றவர்கள் தாங்களாகவே என்னிடம் வந்து பேச ஆரம்பித்தார்கள்.

வேலைக்குப் பழகுவது வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது என்றும் ஜாப்ளின் சொல்லியிருக்கிறார். அது முழுக்க உண்மை அப்பா. எந்தக் காகிதம் யார் மேசையில் தங்கிவிட்டது, அதை என்ன பேசி வாங்கினீர்கள் என்று ராத்திரி நீங்கள் சொன்ன கதைகள் எனக்கு இப்போது உதவுகின்றன. தம்பியும் வேலைக்குச் சேரப்போகிறான், அவனிடமும் சொல்லுங்கள். சந்தேகங்களை ஆரம்பத்திலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள். சேர்ந்த புதிதில் எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள், நாளாகிவிட்டால் கேட்கக் கூச்சமாகிவிடும்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்