மாணவர் சங்கமும் வங்கிப் புத்தகமும்

ஆசிரியர் அவர்கட்கு,

கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துச் சங்கம் தொடங்க நினைக்கும் மாணவர்களுக்கு, அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் சகோதரத்துவச் சங்கங்கள் நல்ல முன்மாதிரிதான். ஆனால் அவற்றின் பெயரிலுள்ள கிரேக்க எழுத்தையும், உறுப்பினரைச் சேர்க்கும் இரகசியச் சடங்கையும் மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும்.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முந்திய வருடம் படித்த கறுப்பின மாணவர் ஆறு பேர், 1905 இல் படிப்பைத் தொடர வரவில்லை. அங்கே படித்த மற்றவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகப் படிக்கத்தான் முதலில் கூடினார்கள். இலக்கிய வட்டமாகவே இருப்பதா, சகோதரத்துவச் சங்கமாவதா என்று வாதாடி, 1906 டிசெம்பர் 4 இல் எழுவர் அல்பா பை அல்பா என்ற சங்கத்தை நிறுவினார்கள். அடுத்த வருடமே வொஷிங்டனின் ஹவார்டில் (ஹார்வார்ட் அல்ல) பீற்றா என்ற இரண்டாவது கிளை. இன்று அந்தச் சங்கத்தில் மாணவர் கிளை தனியே விடப்படுவதில்லை. பட்டம் பெற்றவர்களுக்கென்று தனிக் கிளைகள் உண்டு. அவற்றிலிருந்து ஒருவர் மாணவர் கிளைக்கு ஆலோசகராக இருப்பார். பட்டமளிப்போடு உறுப்புரிமை முடிவதில்லை.

நம்மிடம் தொடர்பு அறுவது இந்த இடத்தில்தான். தலைவரும் பொருளாளரும் இறுதி வருடத்தில் இருப்பார்கள். பரீட்சை முடிய ஒருவர் கொழும்புக்கு, மற்றவர் வெளிநாட்டுக்கு. வங்கிப் புத்தகத்தில் அவர்களின் கையொப்பம் மட்டும் நிற்கும். புதியவர்கள் போய்க் கேட்டால், கையொப்பம் மாற்றும் தீர்மானம் எங்கே என்பார்கள் வங்கியில்; அதை எழுதிய கூட்டறிக்கைக் கொப்பியோ யாருடைய போடிங் அறையிலோ கிடக்கும். காசு இருந்தும் எடுக்க முடியாது.

ஆகவே பொருளாளரை இரண்டாம் வருடத்திலிருந்தும் உதவிப் பொருளாளரை முதலாம் வருடத்திலிருந்தும் எடுங்கள். மாணவர் பொருளாளருக்கு மேலே கணக்கைக் கவனிக்கும் பெரும் பொருளாளராக ஒரு விரிவுரையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நிருவாகம் மாறும் கூட்டத்திலேயே கையொப்ப மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றி, பழையவரும் புதியவரும் ஒன்றாக வங்கிக்குப் போய்விட வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்றால் அது அடுத்த வருடம்தான்.

சடங்கு விடயத்தில் அவர்கள் பட்டதை நாம் படத் தேவையில்லை. புதியவர்களை வாரக்கணக்கில் அலைக்கழித்துச் சேர்க்கும் வழக்கத்தை, கறுப்பின மாணவரின் ஆண், பெண் சங்கங்கள் எட்டு 1990 இல் கூடிக் கைவிட்டன. களவாக அது தொடர்ந்தது. 1994 இல் மிசூரியில் ஒரு மாணவன் அடிபட்டே செத்தான். இங்கே 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாரிய காயமென்றால் பத்து வருடம் வரை. ‘சும்மா பகிடிக்கு’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. புதிய உறுப்பினர் செய்ய வேண்டியவை விண்ணப்பமும் சந்தாவும் மட்டுமே என்று சங்கத்தின் விதிகளைச் சொல்லும் யாப்பில் எழுதுங்கள்.

யாப்பிலும் கூட்டறிக்கையிலும் ஒவ்வொரு பிரதி, பட்டம் பெற்று ஊரிலேயே வேலை செய்யும் ஒருவரிடம் இருக்கட்டும்.

மாணவர் சங்கப் பொறுப்பாசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி.