பணம் கட்டுவதற்கு முன் குவியலைப் பார்

திருப்பூர்

அன்பு மகள் அம்மிணிக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. உன் ஃபிராக் வியாபாரத்தை வளர்க்க ஓராண்டு வியாபாரப் பயிற்சியில் சேரலாமா, கட்டணம் 3,60,000 ரூபாய் என்று நீ கேட்டபோது நான் சற்றே மௌனமாக இருந்ததை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு, அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். நான் மறுக்கவில்லை, கண்ணு. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாயால் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடக் கூடிய தொகை அது இல்லை என்பதால்தான் அமைதியாக இருந்தேன். இன்று காலை கணக்குப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

பயிற்சிக்குச் செலவிடுவது வீண் என்று நினைப்பவன் அல்லன் நான். இரண்டு முறை அதற்காகப் பணம் போட்டிருக்கிறேன். முதல் முறை போட்டது முழுவதும் போயிற்று. 2001ஆம் ஆண்டு, உனக்கு ஆறு வயது. கோயம்புத்தூரில் ஓர் ஓட்டல் அரங்கில் ஒருவர் நாள் முழுவதும் பேசினார். தொழிலை ஒரே ஆண்டில் இரண்டு மடங்காக்கலாம் என்றார். மாலை ஆறு மணிக்குள் சேருகிறவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்றார். என்னிடம் இல்லாத 45,000 ரூபாயை உன் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். ஆறு மாதம் நடந்த வகுப்புகளில் மனதுக்கு உற்சாகம் கிடைத்தது. ஆனால் என் பவர் டேபிளில், அதாவது என் தையல் பட்டறையில், அடுத்த நாள் காலை எதை மாற்றி வைக்க வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அந்த மனிதரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் தொழிலில் எது குறைகிறது என்று எனக்கே தெரியாமல் அவரிடம் போய் நின்றதுதான் மூலக் காரணம். சங்கிலியை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது முறை நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். 2005 ஜனவரி முதல் தேதியோடு பின்னலாடை ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை, அதாவது எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவுக் கட்டுப்பாடு, முடிவுக்கு வந்தது. அதன்பின் யார் குறைந்த விலைக்கும் குறித்த தேதிக்கும் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே ஆர்டர் என்று நிலைமை மாறியது. கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க்கை நமக்குக் கொடுத்துவந்த கம்பெனிகளும் பீஸ் ரேட்டை இறுக்கத் தொடங்கின. அந்த நேரத்தில் தையல் லைனில் நேரம் அளந்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறையைக் கற்றுத்தரும் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். முழுப் பயிற்சிக்கு 60,000 ரூபாய் கேட்டார். நான் முதலில் 5,000 ரூபாய் கொடுத்து, ஒரே ஒரு நாள் நம் கம்பெனிக்கு வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

வந்தவர் பேசவே இல்லை. கையில் ஒரு ஸ்டாப் வாட்ச்சோடு ஒவ்வொரு டெய்லருக்குப் பின்னாலும் பத்துப் பத்து பீஸுக்கு நின்று நேரத்தைக் குறித்தார். ஷோல்டர் சேர்க்க 25 நொடி, கை வைக்க 33 நொடி, பேட்லாக் மிஷினில் அடி மடிக்க 28 நொடி, கழுத்துக்கு ரிப் வைக்க 40 நொடி. பிறகு என்னை அழைத்து, கழுத்து வைக்கும் ஓவர்லாக் மிஷினுக்கு முன்னால் தரையில் தைக்கக் காத்துக் கிடந்த துணிக் கட்டுகளைக் காட்டினார். அந்தக் குவியலை நான் பத்து ஆண்டுகளாகப் பார்த்து வந்தேன். அந்த மிஷினில் தைக்கும் அக்கா கை மெதுவானவர் என்று எண்ணி அவரைத்தான் கடிந்துகொண்டிருந்தேன். 40 நொடி பிடிக்கும் ஒரு வேலைக்கு ஒரே மிஷினை வைத்தால் மணிக்கு 90 பீஸுக்கு மேல் அந்த லைனில் யார் தைத்தாலும் வெளியே வராது என்று வந்தவர் எழுதிக் காட்டிய பிறகுதான், குற்றம் அந்த அக்காவின் கையில் இல்லை, நான் மிஷின் போட்டிருந்த வரிசையில் இருந்தது என்று புரிந்தது. சும்மா கிடந்த இன்னோர் ஓவர்லாக்கைக் கழுத்துக்குப் போட்டோம். அடுத்த தடை 33 நொடி வேலைக்கு நகர்ந்து, மணிக்கு 109 பீஸ் வந்தது.

குறை தெரிந்துவிட்டதே, மீதிப் பயிற்சி எதற்கு என்று நீ கேட்கலாம். நமக்குப் பத்து நாளுக்கு ஒரு முறை தைக்கிற ஆடையின் ஸ்டைல் மாறும். மாறும்போதெல்லாம் குவியல் வேறோர் இடத்துக்குப் போகும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் அவரை அழைக்க முடியாது என்பதால் நம் சூப்பர்வைசர்கள் கற்றாக வேண்டியிருந்தது. அன்று மாலையே கணக்குப் போட்டேன். எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 150 பீஸ் கூடும், பீஸுக்கு 2 ரூபாய் மிஞ்சினால் நாளைக்கு 300 ரூபாய், மாதம் 25 வேலை நாள் என்றால் எட்டு மாதத்தில் போட்ட பணம் திரும்பும். கூடுதலாக வரும் பீஸுக்கு வேலை தருவார்களா என்று ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒன்றுமே நடக்காமல் போனால் இரண்டு மாத லாபம் போகும், ஆனால் கதவை மூட வேண்டியிருக்காது என்றும் எழுதி வைத்தேன். கட்டணத்தை மூன்று தவணையாக, வேலை நடந்ததைப் பார்த்துக் கொடுப்பதாகப் பேசினேன். கற்றவர் விலகிப்போனால் என்ன செய்வது என்று ஒருவருக்கு இரண்டு பேராக அனுப்பினேன். அதில் ஒருவர் எட்டாம் மாதம் அதிகச் சம்பளத்துக்குப் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். வருத்தம்தான், ஆனால் கணக்கில் இருந்த வருத்தம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டுத் துணி வராமல் மிஷின்கள் நின்றபோது, கிடைத்த சின்னச் சின்ன லாட்டுகளை நட்டமில்லாமல் தைத்துக் கொடுக்க முடிந்தது மிச்சமிருந்த அந்த ஒருவரால்தான்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். கட்டணம் 3,60,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 64,800, ஆக 4,24,800 ரூபாய். ஒரு ஃபிராக்குக்குத் துணி, தையல், பேக்கிங், கூரியர் எல்லாம் போக 90 ரூபாய் நிற்கிறது என்று நீ சொன்னாய். அப்படியானால் பயிற்சிச் செலவு மட்டும் திரும்புவதற்கே 4,720 ஃபிராக்குகளைக் கூடுதலாக விற்க வேண்டும். இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தாலும் மாதம் 140 விற்கிற நீ கிட்டத்தட்ட 340 விற்றாக வேண்டும். இது நடக்காது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயிற்சியில் எந்த வாரத்து எந்தப் பாடம் இந்த 200 ஃபிராக்குகளை விற்றுத் தரும் என்று அவர்களிடம் நீ கேட்க வேண்டும் என்கிறேன்.

தவணையில் கட்டலாம், வட்டி இல்லை என்று அவர்கள் சொன்னதாகச் சொன்னாயே, அந்தத் தாளை ஒன்றுக்கு இரண்டு முறை படி. இத்தகைய ஏற்பாட்டில் பெரும்பாலும் கடன் கொடுப்பது ஒரு நிதி நிறுவனம்; அது பயிற்சி நடத்துபவர்களுக்கு முன்கூட்டியே பணத்தைக் கொடுத்துவிடும். வகுப்பு பிடிக்காமல் நீ பாதியில் விலகினாலும், அவர்களே நடத்தாமல் விட்டாலும், கடன் உன் பெயரில் நிற்கும். நீ இன்னும் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை என்பதையும் மறக்காதே. பதிவுக்கு முன் வாங்கிய சேவைக்குக் கட்டிய வரியைப் பின்னால் நீ கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. 64,800 ரூபாய் சிறிய தொகை அன்று. நம் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

வெற்றி பெற்றவர்கள் பேசும் வீடியோக்களை எனக்கு அனுப்பியிருந்தாய். எல்லாவற்றையும் பார்த்தேன், அவர்கள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்த ஒரு முழு வகுப்பில், வீடியோவில் வராத நான்கு பேரோடு பேச வழி செய்யச் சொல். அவர்கள் தயங்கினால் நீயும் தயங்கு.

எல்லாவற்றுக்கும் மேலாக, போன மாதம் நீ போகிற போக்கில் சொன்ன ஒன்று என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. பத்து ஃபிராக் அனுப்பினால் மூன்று திரும்பி வருகிறது, சைஸ் சரியில்லை என்று எழுதுகிறார்கள் என்றாய். அம்மிணி, உன் குவியல் அங்கேதான் நிற்கிறது. நீ சேர நினைக்கும் பயிற்சி பிராண்டை வளர்ப்பதற்கும் விளம்பரத்துக்கும். ஆட்களை அதிகமாக வரவழைத்தால், இன்றுள்ள நிலையில், திரும்பி வரும் பார்சலும் கூரியர் செலவும் சேர்ந்தே வளரும். உனக்கு முதலில் வேண்டியது துணி வெட்டுவதற்கான அளவு வடிவமான பேட்டர்ன் போடவும், வயதுக்கு வயது அளவை ஏற்றி இறக்கவும், துவைத்த பின் துணி எவ்வளவு சுருங்கும் என்று சோதிக்கவும் கற்றுக்கொள்வது. அதற்குப் பெங்களூரிலும் ஆள் உண்டு. இங்கே நம் ஊரில் பின்னலாடைத் துறைக்கான நிஃப்ட் டீ கல்லூரி இருக்கிறது. கோவையில் 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சி இப்போது என்ன இருக்கிறது என்று நான் நேரில் விசாரிக்கிறேன். வியாபார நிர்வாகப் பாடங்களை அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தில் பெங்களூரு ஐஐஎம் ஆசிரியர்களே நடத்துகிறார்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதைக் கொண்டு உன் பொறுமையைச் சோதித்துப் பார்க்கலாம்.

என் யோசனை இதுதான். உன் சேமிப்பு ஆறு லட்சத்தில் ஆறு மாத வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் தனியே எடுத்து வைத்துவிடு. அதைத் தொடவே கூடாது. மீதியில், போனாலும் உறக்கம் கெடாது என்று நீயே ஒரு தொகையை எழுதிக்கொள். ஒன்றரை லட்சத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதில் 40,000 ரூபாய்க்குள் பேட்டர்ன் பயிற்சியை முடித்து, மூன்று மாதம் ரிட்டர்னை எண்ணிப் பார். பத்துக்கு மூன்று என்பது ஒன்றாகக் குறைந்தால், அதன் பிறகு விளம்பரம் கற்கலாம். அப்போது அந்தப் பெரிய பயிற்சியேதான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், தவணைத் தாளில் கையெழுத்துப் போடாதே, பாதிக் கட்டணத்தை நான் தருகிறேன். போனால் இருவருக்கும் போகட்டும்.

அடுத்த ஞாயிறு நீ வரும்போது, திரும்பி வந்த ஃபிராக்குகளை அதே கவரோடு, வாங்கியவர் எழுதிய சீட்டைக் கிழிக்காமல் எடுத்து வா. கட்டிங் மாஸ்டரை வரச் சொல்லியிருக்கிறேன். மேசையில் ஒவ்வொன்றாக விரித்து மார்பளவும் உயரமும் எடுத்து, எந்த வயது சைஸில் அதிகம் திரும்புகிறது என்று நாம் மூவரும் சேர்ந்து எழுதிப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் அப்பா