புயல் செய்தியில் உப்பு எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் புயல்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் "கடல் சூடாகிவிட்டது, அதனால் புயல் வலுக்கிறது" என்று ஒரே வரியில் வங்கக் கடலை முடித்துவிட்டார். கூடவே போட்டிருந்த சிவப்பு, மஞ்சள் படம் காட்டுவது கடலின் மேல்தோலில் இருக்கும் சூட்டை மட்டும்தான். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் வந்து கொட்டுவது இந்த ஒரு கடலில். போதாததற்குத் தென்மேற்குப் பருவமழை வேறு. உலகக் கடல்களில் ஒரு கிலோ நீருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கும். வங்கக் கடலின் வடபகுதியில் மழைக்காலம் முடிகிற சமயம் அது 30க்கும் கீழே போய்விடுகிறது. நாலைந்து கிராம்தானே என்று தோன்றலாம். நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் 1 கிராம் உப்பு குறைந்தால், தண்ணீர் 2 டிகிரிக்கு மேல் சூடேறினால் எவ்வளவு லேசாகுமோ அவ்வளவு லேசாகிவிடும். அப்படி லேசான நீர் பானைக்கு மூடி போட்ட மாதிரி மேலே உட்கார்ந்துகொள்கிறது, சாதாரணக் காற்றால் அதைக் கீழே உள்ள உப்பு நீரோடு கலக்க முடிவதில்லை.

சரி, இதற்கும் புயலுக்கும் என்ன? வழக்கமாகப் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருக்கிற குளிர்ந்த நீர் மேலே வரும், புயலுக்குக் கிடைக்கும் சூடும் குறையும். இங்கே மேலே இருக்கும் நன்னீர்ப் படலத்துக்கும் குளிர்ந்த நீருக்கும் நடுவில் இன்னொரு அடுக்கு, உப்பு கூடுதலாகவும் சூடு மேலே உள்ள அளவிலேயும். இதைத் தடுப்பு அடுக்கு என்கிறார்கள். கஷ்டப்பட்டுக் கலக்கினாலும் மேலே வருவது பெரும்பாலும் சூடான தண்ணீர்தான். அக்டோபர், நவம்பர் புயல்கள் மே மாதப் புயல்கள் அளவுக்குக் கடலைக் குளிரவைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம் (முழுக் காரணம் இல்லை, அந்த மாதங்களில் சூடான நீரே ஆழமாக இருக்கும்). குளிர்காலத்தில் வடக்கே இன்னும் வேடிக்கை: மேல்நீர் அடிநீரைவிடக் குளிர்ந்திருக்கும், ஆனாலும் உப்பு குறைவு என்பதால் மூழ்காது.

இதெல்லாம் வடக்கத்திச் சமாச்சாரம் என்று விட்டுவிடவும் முடியாது. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் நீரோட்டம் இந்த நன்னீரைக் கிழக்குக் கரையோரமாகவே தெற்கே தள்ளிக்கொண்டு வருகிறது. அப்புறம், சத்துள்ள அடிநீர் மேலே வராததால் அரபிக்கடல் அளவுக்கு இங்கே மிதவைப் பாசி செழிப்பதில்லை, மீனுக்கு இரை அதுதானே. அதற்குத் தனிக் கட்டுரையே போடலாம்.

அளவுகள் இல்லாமலும் இல்லை. செயற்கைக்கோள்கள் 2009க்குப் பிறகு உப்பையும் அளக்கின்றன, அதுவும் மேல்தோலை மட்டும். ஆர்கோ மிதவைகள் என்கிற, கடலில் தானாக இறங்கி ஏறும் அளவுக் கருவிகள்தான் 2000 மீட்டர் வரை இறங்கி, சுமார் 10 நாளுக்கு ஒருமுறை மேலே வந்து சூடு, உப்பு இரண்டின் கணக்கையும் அனுப்புகின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த புயலுக்கு அந்த வண்ணப் படத்தின் பக்கத்தில் ஒரு மிதவை அனுப்பிய அளவுகளின் வரைபடத்தையும் போடுங்களேன். மேலிருந்து கீழே இரண்டு கோடு, சூட்டுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, கறுப்பு வெள்ளையே போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர், நாகப்பட்டினம்