அந்தரங்கத்துக்கு மாதச் சந்தாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத் தளங்களின் வருவாய் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, சந்தா கட்டுவது அல்லது கண்காணிப்புக்கு உடன்படுவது என இரண்டே வழிகள் உள்ளதுபோல் முடிந்திருந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தளங்களை நடத்தும் மெட்டா நிறுவனம் ஐரோப்பாவில் முன்வைத்த வாதமும் ஏறக்குறைய இதுவேதான்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்கள் விளம்பரத்துக்காகத் தங்கள் தகவல்களைப் பயன்படுத்தச் சம்மதிக்க வேண்டும், இல்லையேல் இணைய உலாவி வழியென்றால் மாதம் 9.99 யூரோ, கைப்பேசிச் செயலி வழியென்றால் 12.99 யூரோ கட்ட வேண்டும் என்று அந்நிறுவனம் 2023 அக்டோபரில் அறிவித்தது. பணம் கட்டியவரின் தகவல் விளம்பரத்துக்குப் பயன்படாது என்பதுதான் உறுதிமொழியே தவிர, திரட்டப்படவே மாட்டாது என்பதல்ல. ஓராண்டில் 9.99 யூரோ 5.99 ஆகக் குறைந்தது. அப்படியானால் முதல் விலை எந்தச் செலவைக் கணக்கிட்டு வைக்கப்பட்டதோ! இந்த ஏற்பாடு, பெரிய இணைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 20 கோடி யூரோ அபராதம் விதித்தது.

கட்டுரையாளர் தொடாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஆளைப் பின்தொடராமல், அவர் அப்போது பார்க்கும் பொருளை ஒட்டி விளம்பரம் காட்டுவதே அது. தங்கள் தீபாவளி மலரில் பட்டுப்புடவை விளம்பரம் வருகிறது. அதைப் பார்ப்பவர் முந்தின நாள் எந்த மருத்துவரிடம் போனார் என்று எந்தக் கடைக்காரரும் விசாரித்ததில்லை. இதில் வருவாய் குறையலாம் என்பதை மறுக்கவில்லை. 2024 நவம்பரில் மெட்டாவும் இதற்கு நெருங்கிய ஒரு தெரிவை அளித்தது. ஆனால் அதைத் தேர்ந்தவர்கள் சில விளம்பரங்களைத் தாண்டிச் செல்ல முடியாமல் சில நொடிகள் காத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. கண்காணிப்பை மறுத்ததற்குத் தண்டனை என்றே எனக்கு அது படுகிறது.

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கைப்பேசி ரீசார்ஜையே நாள் தள்ளிப் போடும் வீட்டில், சந்தா கட்ட வழியில்லாததால் அழுத்தப்படும் ‘சம்மதம்’ பொத்தான் அந்த வரையறைக்குள் அடங்குமா என்பதையும் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் ஆராய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.