மேட்டுக்கு ஆட்டோ, சமதளத்துக்கு டிராம்: லிஸ்பனிலிருந்து வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. அண்ணா ஒருவழியாக ஓய்வு பெற்றுவிட்டார் என்பதில் எனக்கு உன்னைவிட நிம்மதி. மே மாதம் அத்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் இன்னும் சந்தோஷம். அத்தைக்கு முட்டி ஒத்துழைக்காது, படி ஏற முடியாது, "அங்கே நம்ம ஊர் ஆட்டோ மாதிரி ஓடுதாமே, அதிலேயே ஊர் முழுக்கச் சுற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

சுற்றலாம். ஆனால் ஊர் முழுக்க வேண்டாம். லிஸ்பனில் ஆட்டோ மேட்டுக்குத்தான் லாயக்கு. சமதளத்தில் அதற்குக் கொடுக்கிற காசு தண்டம். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உன் திட்டம் தானாகவே அமைந்துவிடும்.

ஊரின் அமைப்பைச் சொல்கிறேன். தேஜோ ஆற்றை ஒட்டிய பிராசா து கொமேர்சியோ சதுக்கத்திலிருந்து உள்ளே போகும் பள்ளத்தாக்குதான் பைஷா. கட்டம் போட்ட மாதிரி நேர்த்தெருக்கள், எல்லாம் சமதளம். 1755 நவம்பர் 1ஆம் தேதி நிலநடுக்கம், அதன் பின்னாலேயே கடல் பொங்கியது, அப்புறம் பல நாள் தீ. பழைய பைஷா இல்லாமலே போனது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு அப்போதைய அமைச்சர் பொம்பால் பிரபுவின் மேற்பார்வையில் கட்டியது. ஈரமண்ணில் பைன் மரக் கழிகளை அடித்து இறக்கி, அதன்மேல் அஸ்திவாரம் போட்டு, சுவருக்குள் மரச்சட்டத்தால் கூண்டு பின்னி எழுப்பிய வீடுகள். குலுங்கினால் கூண்டு வளைந்து கொடுக்கும், சுவர் மொத்தமாகச் சரியாது. கிழக்கே கோட்டை மேட்டின் சரிவில் இருக்கும் அல்ஃபாமா கெட்டியான பாறைமேல் நிற்பதால் பெரும்பாலும் தப்பித்தது. அதனால்தான் அங்கே தெருக்கள் இன்னும் பழைய காலத்துச் சந்துகளாகவே இருக்கின்றன. பாதி இடத்தில் சந்துகூட இல்லை, படிக்கட்டுதான். ஆட்டோவே ஆனாலும் அல்ஃபாமாவின் வயிற்றுக்குள் போகாது, விளிம்பில்தான் ஓடும். "அல்ஃபாமா முழுக்கக் காட்டுகிறேன்" என்று டிரைவர் சொன்னால் சிரித்துக்கொள்.

வண்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று இத்தாலியின் பியாஜியோ ஆப்பே, நம் ஊரில் லோடு ஏற்றுகிற அதே ஆப்பேயின் சொகுசுப் பதிப்பு. டிரைவர் முன்னால் ஹேண்டில்பார் பிடிப்பார், பின்னால் இரண்டு பேர் சௌகரியமாக, மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். இன்னொன்று பேட்டரி வண்டி, நான்கிலிருந்து ஆறு பேர் வரை ஏற்றும். உங்களுக்குப் பேட்டரி வண்டிதான் சரி. சத்தம் இல்லை, டிரைவர் பேசுவது அத்தைக்குக் காதில் விழும், மேட்டில் புகை முகத்தில் அடிக்காது. ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சில ஆறு பேர் வண்டிகளில் கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். வளைந்து வளைந்து ஏறும்போது அதில் உட்கார்ந்தவருக்குக் குமட்டும். அத்தையை முன்பார்த்த இருக்கையில், நடைபாதைப் பக்கம் உட்கார வை. இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் ஏறுவதும் இறங்குவதும் வலப்பக்கம். இரண்டாவது, மாலையில் பேட்டரி இறங்கிய வண்டியில் ஆள் நிறைந்திருந்தால் கிராசா என்ற மேட்டுப் பகுதியின் ஏற்றத்தில் முக்கும், கொஞ்சம் நின்று நின்று போகும். காலை முதல் சவாரி எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது பாதை. எல்லோரும் கீழே பேராலயத்தில் தொடங்கி மேலே ஏறுவார்கள். நீ தலைகீழாகப் போ. காலை 9 மணிக்கு நேராக உச்சியிலிருக்கும் செஞோரா து மோந்தெ காட்சிமேடைக்கு ஏற்றச் சொல். ஊரிலேயே உயரமான மேடைகளில் ஒன்று. மேற்கும் தெற்கும் பார்த்தது, ஆகவே காலையில் வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கும். கோட்டை, பைஷா, ஆறு, தூரத்துச் சிவப்புப் பாலம் எல்லாம் வெளிச்சத்தில் துலக்கமாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் சூரியன் கண்ணுக்கு நேரே, கூட்டமும் தோளோடு தோள். சூரிய அஸ்தமனம் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும், அத்தைக்கு உட்கார இடம் கிடைக்காது.

அங்கிருந்து கிராசா, அப்புறம் இறக்கத்தில் சாவ் விசென்டே து ஃபோரா மடம். உள்ளே விலங்குக் கதைகளை வரைந்த நீல டைல்ஸ் வரிசையாக இருக்கும், நேரம் இருந்தால் பார். அதன் பின்னால் சாந்தா கிளாரா திடல். செவ்வாயும் சனியும் அங்கே பழைய சாமான் சந்தை கூடும். சந்தை நாளில் வண்டி திடலின் ஓரத்தில்தான் நிற்கும், அத்தை கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். நடக்கச் சங்கடம் என்றால் புதன், வியாழன் வை. திடலுக்குக் கீழே வெள்ளைக் குவிமாடத்துடன் நிற்பது சாந்தா எங்கிராசியா, இப்போது தேசிய நினைவாலயம். 1682இல் தொடங்கி 1966இல் கட்டி முடித்தார்கள். போர்ச்சுகலின் சோகப் பாட்டான ஃபாடோவின் பாடகி அமாலியா ரோட்ரிகஸ், பந்தாட்டக்காரர் யூசேபியோ இருவரும் அங்கேதான் அடக்கம்.

பிறகு போர்த்தாஸ் து சோல் காட்சிமேடை, அதை ஒட்டியே சாந்தா லூசியா காட்சிமேடை. இங்கே வண்டியை நிறுத்தி 20 நிமிஷம் கேள். சாந்தா லூசியா தேவாலயத்தின் வெளிச்சுவரில் இரண்டு டைல்ஸ் ஓவியங்கள் இருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் ஆற்றைப் படம் எடுத்துவிட்டு அந்த ஓவியங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள். ஒன்றில் 1147இல் மூர்களிடமிருந்து கிறிஸ்தவப் படை கோட்டையைப் பிடித்த சண்டை. இன்னொன்றில் நிலநடுக்கத்துக்கு முந்தைய கொமேர்சியோ சதுக்கம். ஆற்றோரத்தில் அரண்மனை நிற்பதைப் பார். இன்றைக்கு அதே இடத்தில் மஞ்சள் நிற வளைவு மண்டபங்கள்தான் இருக்கின்றன. அரண்மனையும் அதிலிருந்த நூலகமும் அந்த ஒரு நாளில் போயின. இந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டுக் கீழே சதுக்கத்துக்குப் போனால், எதை இழந்து எதைக் கட்டினார்கள் என்பது விளங்கும். வழிகாட்டி சொல்லிக் கேட்பதைவிட இது நன்றாக மனதில் பதியும்.

கோட்டைக்குள் ஆட்டோ போகாது. வாசலுக்குக் கொஞ்சம் கீழேயே இறக்கிவிடுவார்கள், அப்புறம் கல் பாவிய ஏற்றம். உள்ளேயும் மதில்மேல் ஏறப் படிதான். இந்தச் சுற்றில் அத்தை சாந்தா லூசியாவின் கொடிப்பந்தல் நிழலில் அண்ணாவோடு உட்காரட்டும், கோட்டைக்கு நீயும் உன் பெண்ணும் மட்டும் இன்னொரு நாள் போய்வாருங்கள். கடைசியாக, 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சே பேராலயத்தைத் தாண்டி பைஷாவில் இறங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும். இரண்டு மணி நேரம் எடுத்தால் அவசரம் இருக்காது.

கட்டணம் வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. மணிக்கு 60 யூரோவிலிருந்து 80 யூரோ வரை கேட்பார்கள். சீசனில் இன்னும் ஏறும். சதுக்கத்தில் கூவிக் கூப்பிடுகிறவரிடம் பேரம் பேசலாம், முன்பதிவில் பேரம் இல்லை. ஏறுவதற்கு முன்பே நான்கு விஷயம் பேசி முடித்துவிடு: எத்தனை நிமிஷம், எந்தெந்த இடத்தில் நிற்பார், எங்கே இறக்கிவிடுவார், காத்திருக்கும் நேரம் கணக்கில் சேருமா. தகராறு வருவது பெரும்பாலும் கடைசி விஷயத்தில்தான். நிறுத்தங்களை ஒரு தாளில் எழுதி டிரைவரிடம் காட்டிவிட்டால் மொழிச் சிக்கலும் இல்லை. அப்புறம், போர்ச்சுகலில் சுற்றுலா நடத்தும் நிறுவனம் அரசின் சுற்றுலாப் பதிவேட்டில் பதிந்து, விபத்துக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். பதிவு எண்ணை ஆர்.என்.ஏ.ஏ.டி. என்ற எழுத்துகளோடு போட்டிருப்பார்கள். எண் எங்கே என்று கேட்டதும் முகம் சுளித்தால் அடுத்த வண்டிக்குப் போ.

டிரைவர் சொல்லும் சரித்திரத்தைப் பாதி காதில் மட்டும் வாங்கிக்கொள். நன்றாகப் படித்து, ரசித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் அடித்துவிடுவார்கள். பைஷாவில் நிற்கும் சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்டை, பாரிஸ் கோபுரம் கட்டிய ஐஃபல் கட்டினார் என்பது அப்படி ஒன்று. கட்டியவர் ரவுல் மெனியே து பொன்சார், திறந்தது 1902இல்.

மழை பெய்தால் என் யோசனை ஒன்றுதான்: அன்றைக்கு ஆட்டோ வேண்டாம். இங்கே நடைபாதை முழுக்க வழுவழுப்பான சுண்ணாம்புக்கல். பல வருஷமாகக் கால்பட்டுத் தேய்ந்து கண்ணாடியாக மின்னும், நனைந்தால் வழுக்கும். தெருவில் டிராம் தண்டவாளம் பதித்திருக்கிறது. ஈரமான இரும்பின்மேல் மூன்று சக்கர வண்டியின் முன்சக்கரம் சாய்வாக ஏறினால் பக்கவாட்டில் நழுவும். அனுபவசாலி டிரைவர் தண்டவாளத்தைக் குறுக்காக வெட்டித்தான் கடப்பார், அதையொட்டி ஓட்ட மாட்டார். மழைக்குப் பக்கவாட்டில் பிளாஸ்டிக் திரையை இறக்கினால் மூச்சுக்காற்றில் மங்கி வெளியே ஒன்றும் தெரியாது. காசு கொடுத்துப் பிளாஸ்டிக்கைப் பார்ப்பானேன்? வெயில் நாளிலும் அத்தைக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு, ஒரு சால்வை, இரண்டும் கட்டாயம். மேட்டில் காற்று பலமாக அடிக்கும். சரிவில் இறக்கினால் காலடிப் பலகைக்கும் தரைக்கும் இடைவெளி கூடிவிடும், நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தச் சொல்.

"அதற்கு 28ஆம் நம்பர் டிராமிலேயே போய்விடலாமே" என்று அண்ணா கேட்பார், எனக்குத் தெரியும். மார்ட்டிம் மோனிஸ் சதுக்கத்திலிருந்து கிராசா, அல்ஃபாமா வழியாக அது போவது உண்மைதான். 900 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் அந்தச் சின்னப் பெட்டி அவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறுவதே ஒரு வேடிக்கை. ஆனால் ஏறும் இடத்தில் நீண்ட வரிசை, உள்ளே நிற்க இடமில்லை, ஜேப்படிக்காரர்களுக்கு அதுதான் அலுவலகம். குறுகலான இடத்தில் யாராவது காரைத் தண்டவாளத்தில் இடிக்கிற மாதிரி நிறுத்திவிட்டுப் போனால் அவர் வரும்வரை டிராம் நகராது. அண்ணாவுக்கு ஆசையாக இருந்தால் காலை 8 மணிக்கு முன்னால் தனியாகப் போய்வரட்டும். மேடேறும் இழுவை ரயில்களை நம்பித் திட்டம் போடாதே. 2025 செப்டம்பர் 3ஆம் தேதி குளோரியா ரயிலின் கேபிள் விட்டுப்போய் 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மற்றவற்றையும் நிறுத்திவைத்தார்கள். நீங்கள் இங்கே வரும் வாரத்தில் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்.

ஜெரோனிமோஸ் மடம் இருக்கும் பெலேம் பகுதிக்கு ஆட்டோ வேண்டாம். ஆறு ஏழு கிலோமீட்டர், முழுக்க ஆற்றோரச் சாலை, பக்கத்தில் கார்களும் பஸ்களும் பறக்கும், காற்றில் டிரைவர் சொல்வது ஒன்றும் கேட்காது. 15ஆம் நம்பர் டிராமோ, காயிஷ் து சொத்ரேயிலிருந்து ரயிலோ போதும். ஜெரோனிமோஸ் மடத்துக்குத் திங்கள் விடுமுறை, மே 1ஆம் தேதியும் மூடியிருக்கும். தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, வலப்பக்கம் கவிஞர் கமோயிஷ். காமா 1524இல் கொச்சியில் இறந்தார், எச்சங்களைப் பிற்பாடு இங்கே கொண்டுவந்தார்கள். தூத்துக்குடிக்காரியான உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1554இல் ரோமன் எழுத்தில் தமிழை அச்சடித்த கிறிஸ்தவ மறைக்கல்விப் புத்தகம் வெளிவந்தது இந்த லிஸ்பனில்தான். உங்கள் கடற்கரையில் போர்ச்சுகீசியர் காலூன்றிய கொஞ்ச காலத்துக்குள். மடத்தைப் பார்த்த கையோடு, 1837 முதல் நடக்கும் பெலேம் கடையில் முட்டைப் பாலேடு நிரப்பிய அந்தச் சின்னப் பண்டத்தை வாங்கிச் சாப்பிடுங்கள். வெளி வரிசையைப் பார்த்துப் பயப்படாதே, அது பார்சலுக்கு. உள்ளே நிறைய மேஜை உண்டு. முட்டை சேர்த்தது என்று அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

ஊர்க்காரர்களுக்கு இந்த வண்டிகள்மேல் கோபம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வீட்டு வாசலில் வரிசையாக நிற்பதும், நாள் முழுக்க ஒரே கதையை ஒலிபெருக்கியில் கேட்பதும் யாருக்குப் பிடிக்கும்? மாநகராட்சி 2025இல் 300க்கும் மேற்பட்ட தெருக்களில் தடை போட்டது, நிறுத்தும் இடங்களையும் குறித்தது. அதனால் டிரைவர் "இந்தத் தெருவில் போக முடியாது" என்றால் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதே, பெரும்பாலும் உண்மைதான். அபராதம் அவர் தலையில் விழும். பாட்டு போடச் சொல்லிக் கேட்காமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

தேதி முடிவு செய்யும் முன் இரண்டைப் பார். உல்லாசக் கப்பல்கள் அல்ஃபாமாவின் அடிவாரத்திலேயே வந்து நிற்கும். பெரிய கப்பல் வந்த நாளில் பத்து மணிக்கு மேல் ஆட்டோக்காரர்கள் விலையை ஏற்றுவார்கள், காட்சிமேடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. எந்தக் கப்பல் என்றைக்கு வருகிறது என்பது துறைமுகப் பட்டியலில் முன்பே இருக்கும். பயணம் ஜூனுக்குத் தள்ளிப்போனால் 12, 13 தேதிகளைத் தவிர்த்துவிடு. புனித அந்தோணியார் திருவிழா, அல்ஃபாமா முழுக்க மத்தி மீன் சுடும் புகையும் கூட்டமும், வண்டி உள்ளே நுழையாது. அத்தை இல்லாமல் வருவதாயிருந்தால் அந்த இரவுக்கென்றே வரச் சொல்லியிருப்பேன்.

டிக்கெட் எடுத்ததும் எந்தக் கிழமை வந்து சேர்கிறீர்கள் என்று எழுது. திங்களாக இருந்தால் முதல் நாள் ஆட்டோ, மறுநாள் பெலேம் என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். பெண்ணிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உமா