ஹார்ட் டிஸ்க் கேட்ட மகளுக்கு

மன்னார்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

நேற்று போனில் "எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்மா?" என்று கேட்டாய். கடையில் இரண்டு பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு நின்றதால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் இது போனில் சொல்லித் தீரும் விஷயமில்லை. நடுநடுவே நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் "சரிம்மா"வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கதை. உனக்குப் பாதிதான் தெரியும். 2014 தை மாதம், நீ ஒன்பதாவது. வடுவூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். அப்பா எடுத்த படங்களை அன்றிரவே 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க்கில் இறக்கினேன். மறுநாள் வேறு முகூர்த்தம், கார்டு வேண்டும் என்றார். நானே இரண்டு கார்டையும் ஃபார்மட் செய்து அவர் கையில் கொடுத்தேன். மூன்றாம் நாள், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயர் என் காலில் மாட்டி அது கீழே விழுந்தது. மேசை உயரம் இரண்டரை அடிதான். எடுத்துச் செருகினால் டிக், டிக், டிக்.

உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடுவதே இல்லை. தட்டு கிளப்பும் காற்றிலேயே, சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. சிகரெட் புகையின் ஒரு துகள்கூட அந்த இடுக்கில் நுழையாது. அப்படிப்பட்ட பொருளைத் தரையில் போட்டேன். ஆனால் என் பெரிய தப்பு அது இல்லை. விழுந்த பிறகு இருபது தடவையாவது திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உடைந்த முனை தட்டைச் சுரண்டியிருக்கும். யாரோ சொன்னார்கள் என்று பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வேறு வைத்தேன். வெளியே எடுத்ததும் உள்ளே வேர்க்கும் என்று அப்போது தோன்றவில்லை. உன் கையில் எப்போதாவது டிஸ்க் அந்தச் சத்தம் போட்டால் உடனே பிடுங்கி வைத்துவிடு. மறுபடி செருகாதே.

அப்பா அதைச் சென்னைக்கு எடுத்துப் போனார். தூசியில்லாத அறையில் திறந்து, அதே மாடல் டிஸ்க் ஒன்றின் முனையைக் கழற்றி இதில் மாட்டி எடுத்தார்கள். 38,000 ரூபாய். அந்தக் கல்யாணத்துக்கு நாம் பேசிய கூலியே 45,000தான். 3,400 படங்களில் 1,260 வந்தது. தாலி கட்டும் நேரம் வரவில்லை. பெண்ணின் அப்பா தாரை வார்த்துக் கொடுத்தது வரவில்லை. அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார். அந்தப் பெண் கடைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. "அக்கா, அப்பா இருக்கிற மாதிரி எங்கேயாவது ஒண்ணாவது இருக்குமா, பாருங்களேன்" என்றாள். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அதனால் எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்காதே. எல்லாக் கம்பெனி டிஸ்க்கும் ஒருநாள் சாகும். எத்தனை வாங்குவது என்று கேள். கையில் இருக்கும் காசுக்கு 4 டிபி ஒன்று வாங்காமல் 2 டிபியாக இரண்டு வாங்கு. இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடலாக வேண்டாம். ஒரே கல்லில் ஒரே சூட்டில் சுட்ட தோசை மாதிரி, ஒன்று கருகியிருந்தால் அடுத்ததும் கருகியிருக்கும். வாரண்டி மூன்று வருஷமா ஐந்து வருஷமா என்று பார், ஆனால் அது டப்பாவுக்குத்தான் வாரண்டி. செத்தால் புது டப்பா தருவார்கள், படத்தைத் தர மாட்டார்கள்.

எடிட்டிங்குக்கு எஸ்எஸ்டி. அதில் சந்தேகமே வேண்டாம். சுற்றும் தட்டு இல்லை, விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அது சாகும்போது டிக் டிக் என்று சொல்லிக்கொண்டெல்லாம் சாகாது. நேற்று இரவு நன்றாக இருந்தது, காலையில் கம்ப்யூட்டருக்கே தெரியாது. தவறி அழித்ததை மீட்பதும் அதில் கஷ்டம். அழித்த இடத்தை அதுவே பின்னால் துடைத்து வைத்துவிடும். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டாலும் உள்ளே பிடித்துவைத்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வேலைக்கு எஸ்எஸ்டி, சேமித்து வைக்கத் தட்டு டிஸ்க், அவ்வளவுதான்.

தட்டு டிஸ்க்கிலும் எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்று இரண்டு ஜாதி. நம் பழைய வீட்டுக் கூரை ஞாபகம் இருக்கிறதா? ஓட்டின்மேல் ஓடு பாதி ஏறி நிற்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் சுற்றி நாலைந்தைத் தூக்கி மறுபடி அடுக்க வேண்டும். எஸ்எம்ஆரில் தடங்கள் அப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். குறைந்த இடத்தில் நிறைய அடங்கும், ஆனால் எழுதியதை மாற்றி எழுதும்போது திணறும். ஒரு தடவை நிரப்பி மூடி வைக்க அது போதும். தினம் அழித்து எழுதும் வேலைக்கு, தடங்கள் ஏறாமல் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வாங்கு. பெட்டிமேல் பெரும்பாலும் போட மாட்டார்கள். மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் விவரத்தாளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இன்டர்நெட்டில் "16 டிபி எஸ்எஸ்டி" என்று ஹோட்டல் சாப்பாட்டு விலைக்கு வரும். தொடாதே. இருக்கும் இடத்தைக் கூட்டிச் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். நிரம்பிய பிறகு போடுவதெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஆனால் 1 டிபி டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், அது ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. உங்கள் அப்பா இதற்காகக் கடைக்காரரிடம் ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டார்.

உன்னுடையது மேக், இங்கே விண்டோஸ். அதனால் இரண்டும் படித்து எழுதும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய். காப்பி ஓடும்போது பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் கோபித்துக்கொள்ளும், எஜெக்ட் கொடுத்துவிட்டு எடு. கார்டை அழிக்கும் முன் படங்கள் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். எண்ணிக்கை, மொத்த ஜிபி இரண்டும் ஒத்துப்போகிறதா பார்த்து, நாலைந்தைத் திறந்தும் பார். நான் இங்கே டெராகாபி என்ற காப்பி மென்பொருளில் சரிபார்க்கும் வசதியைப் போட்டுத்தான் காப்பி செய்கிறேன். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும்.

மாதம் ஒருமுறை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளைத் திறந்து பார்க்கிறேன். இலவசம்தான். மேக்குக்கும் அதே மாதிரி இருக்கிறது, தேடிக்கொள். டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பை அது காட்டும். கெட்டுப்போய் மாற்று இடம் கொடுத்த செக்டர், அதாவது தட்டின் சிறு கட்டம், எத்தனை, படிக்க முடியாமல் காத்திருப்பது எத்தனை என்று இரண்டு வரி இருக்கும். அவை பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்று. ஆனால் பூஜ்யமாகவே இருந்து திடீரென்று செத்த டிஸ்க்கும் என்னிடம் இரண்டு இருக்கிறது.

இப்போது கஜா புயல். வடுவூர்க் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் திருந்தியிருந்தோம், எல்லாம் இரண்டு பிரதி. இரண்டும் ஒரே பீரோவில், ஒரே மேல் தட்டில்! 2018 நவம்பர் 16 விடியற்காலை ஸ்டூடியோக் கூரை போனது. நேரே அந்தத் தட்டில்தான் தண்ணீர். பதினெட்டு நாள் கரண்ட் இல்லாததுகூட ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. அவசரப்பட்டு ஈர டிஸ்க்கைச் செருக முடியவில்லை, அரிசிமூட்டைப் பக்கத்தில் வெறுமனே உலர்ந்தன. பதினொன்றில் ஏழு எழுந்தன. 2016 வருஷத்துக்கு இருந்த இரண்டு பிரதியும் எழவில்லை.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய மூன்று-இரண்டு-ஒன்று கணக்கு அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். உன் ஆபீஸில் ரெய்டு, அதாவது ஒரே படத்தை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ஏற்பாடு, இருக்கிறது, கவலையில்லை என்றாயே, அது பிரதி இல்லை. நீ தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் சமர்த்தாக அழித்துவிடும். கிளவுடில் போடேன் என்பாய். ஒரு கல்யாணம் இப்போது 250 ஜிபி வருகிறது. நம் கடை இணைப்பில் 20 எம்பிபிஎஸ்தான் ஏறும். இடைவிடாமல் ஏற்றினாலும் 28 மணி நேரம். ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் ஏற்றுகிறேன்.

டிவிடியை நம்பி இருந்த காலமும் உண்டு. அதில் பாதி இப்போது படிப்பதில்லை. உன் தாத்தா வீட்டு வைத்திய ஏடுகள் நினைவிருக்கும். ஏடு நைந்து பூச்சி அரிக்க ஆரம்பித்ததும் புது ஏட்டில் பெயர்த்து எழுதுவார்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் உனக்குக் காட்டியவற்றிலும் அப்படிப் பெயர்த்தெழுதி வந்தவை நிறைய. நானும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுகிறேன், பழையது ஓடிக்கொண்டிருந்தாலும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமா பையன் வியாழக்கிழமை புனே வருகிறான். அவனிடம் ஒரு டிஸ்க் கொடுத்து அனுப்புகிறேன், துணிக்கு நடுவில் சுற்றி. ஸ்டூடியோவின் மூன்றாவது பிரதி. வேறு ஊர் என்றால் எனக்கு உன் ஊர்தான். ஜனங்களின் வீட்டுப் படங்கள் என்பதால் வெராகிரிப்ட் என்ற மென்பொருளில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருக்கிறேன். பாஸ்வேர்ட் தனிக் கவரில் தபாலில் வரும். டிஸ்க்கும் அந்தத் தாளும் ஒரே டிராயரில் இருக்கக் கூடாது. அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வை. பொங்கலுக்கும் ஆடிக்கும் ஒருதரம் செருகிச் சுற்றவிடு.

உள்ளே "கயல் ஒன்றாம் வகுப்பு" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். 2005இல் அப்பா முதல் டிஜிட்டல் கேமரா வாங்கியபோது எடுத்தது. சிடி, டிவிடி, டிஸ்க் என்று நாலு வீடு மாறி வந்திருக்கிறது. வந்து சேர்ந்ததும் அதில் முன்பல் இல்லாமல் சிரிக்கிற படம் திறக்கிறதா என்று பார். "சரிம்மா" என்று மட்டும் சொல்லாதே, படத்தைத் திருப்பி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா